ஞானஸ்நானம் எந்த ஊர்க் கோயிலில்?

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, தில்லியின் கிழக்கு எல்லையில் இந்தியில் வழிபாடு நடைபெறும் ஒரு சிறிய தேவாலயத்தில், என் அக்காவின் ஏழு மாதக் குழந்தை யாழினிக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. அக்காவும் அத்தானும் அந்தச் சபையில் உறுப்பினராகிப் பத்து மாதங்களே ஆகின்றன. குழந்தையின் ஞானத்தாயாக நான் நின்றேன். வழிபாடு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதை எங்கே நடத்துவது என்ற குடும்ப வழக்கு தீரத்தான் இரண்டு மாதங்கள் பிடித்தன. அவ்வழக்கில் நான் எடுத்த நிலைப்பாட்டையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் ஊரைவிட்டு வந்த நம்மில் பலரும் இக்கேள்வியை ஏதேனும் ஒரு வடிவில் எதிர்கொள்ளவே செய்வோம்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். ஊர்க் கோயிலின் கல்தொட்டியில்தான் நான்கு தலைமுறையினர் ஞானஸ்நானம் பெற்றிருக்கின்றனர். அக்கோயிலின் பதிவேட்டில் என் பாட்டனாரின் தந்தையார் பெயர் முதல் என் பெயர் வரை வரிசையாக உள்ளன. எனவே, தில்லியிலேயே ஞானஸ்நானம் என்று அக்கா சொன்னதும், எண்பத்து நான்கு வயதான என் ஆச்சி தொலைபேசியில் கேட்ட கேள்வி நியாயமானதே: “நம்ம கோயில்ல குடுக்காம எங்கயோ போய்க் குடுப்பாளா? அங்க யாருக்குத் தெரியும், இவ யாரு பிள்ளன்னு?”

எங்கள் குடும்பங்களில் நிலவும் வழக்கம் அனைவரும் அறிந்ததே. குழந்தை மும்பையில் பிறந்தாலும் கொல்கத்தாவில் பிறந்தாலும், மே மாத விடுமுறையிலோ கிறிஸ்துமஸ் விடுமுறையிலோ ஊருக்குத் தூக்கிச் செல்வர். ஞாயிறன்று ஞானஸ்நானம், மதியம் பிரியாணி விருந்து, அடுத்த வாரம் திரும்பும் ரயில். நானும் அப்படித்தான் ஞானஸ்நானம் பெற்றேன். அப்பாவுக்கு ரயில்வே வேலை. நான் பிறந்தது நாக்பூரில். மூன்று மாதக் குழந்தையாக என்னை ஊருக்குக் கொண்டு சென்று, ஞானஸ்நானம் முடிந்த பதினோராம் நாள் நாக்பூருக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் மொழியியல் பயின்றவள் என்பதால், இந்தச் சடங்கில் என்ன பேசப்படுகிறது, யார் பேசுகிறார், அப்பேச்சு என்ன செய்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். சொல்வதே செய்வதாக அமையும் கூற்றுகள் சில உண்டு. “இக்கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறேன்” என்று தலைவர் சொல்லும்போது அவர் ஒரு நிகழ்வை வருணிக்கவில்லை. அந்த நிகழ்வைச் செய்துவிடுகிறார். இவற்றை நிகழ்த்துக் கூற்றுகள் என்று பகுத்துக் காட்டியவர் ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள் அவர் மறைவுக்குப்பின் 1962இல் நூலாயின. ஞானஸ்நானம் அவ்வுரைகளில் எடுத்துக்காட்டாகவே வருகிறது. அனதோல் பிரான்சின் நாவலொன்றில், கண்பார்வை மங்கிய புனிதர் ஒருவர் பெங்குவின்களை மனிதர் என்று எண்ணி அவற்றுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார். அச்செயல் செல்லுமா, செல்லாதா என்பது விண்ணுலகில் விவாதமாகிறது. இத்தகைய நிகழ்வுகளை முன்வைத்து, நிகழ்த்துக் கூற்றுகள் தோற்கும் வழிகளை ஆஸ்டின் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, முறை தவறியதால் செயலே நிகழாமற்போவது. மற்றொன்று, செயல் நிகழ்ந்தும் உள்ளீடற்றுப் போவது. நிறைவேற்றும் எண்ணமின்றிக் கொடுக்கும் வாக்குறுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முதல் வகைத் தோல்வியைத் திருச்சபைகள் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு அண்மைக்கால நிகழ்வொன்றே சான்று. ஞானஸ்நானம் கொடுப்பவர் “நான்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “நாங்கள்” என்று சொன்னால் அது செல்லாது என 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் ஓர் இளம் குரு, தாம் குழந்தையாக இருந்தபோது எடுத்த காணொளியைப் பார்த்து, தமக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பன்மையில் பேசியிருப்பதைக் கண்டார். அவருடைய ஞானஸ்நானமும், அதன்மேல் எழுந்த குருத்துவமும் செல்லாதவை ஆயின. அவர் எல்லாவற்றையும் மறுபடியும் பெற வேண்டியிருந்தது. ஒரு பிரதிப்பெயரின் எண் மாறியதால் ஒரு வாழ்க்கையையே மீண்டும் எழுத நேர்ந்தது.

நான் இந்நிகழ்வை நகையாடவில்லை. இலக்கணத்தை இவ்வளவு மதிக்கும் நிறுவனம் இருப்பது எங்கள் துறையினருக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பல திருச்சபைகளின் வழிபாட்டு முறையில் முதன்மையான கூற்றுகள் இரு வகைப்படும். ஒன்று, தண்ணீரை ஊற்றுகையில் குருவானவர் சொல்வது. அதன் எழுவாய் “நான்”. சொல்லி முடித்த கணத்திலேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. மற்றொன்று, பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கூடியிருக்கும் சபையாரும் கொடுக்கும் வாக்குறுதி: இக்குழந்தையை விசுவாசத்தில் வளர்ப்போம், தாங்குவோம் என்பது. அதன் எழுவாய் “நாங்கள்”. சொன்ன கணத்தில்தான் அதன் வேலை தொடங்குகிறது. முடியப் பல்லாண்டுகள் ஆகும்.

முதற்கூற்று எந்த ஊரிலும் செல்லும். நெல்லையில் ஊற்றினாலும் தில்லியில் ஊற்றினாலும் தண்ணீர் ஒன்றே. இரண்டாம் கூற்று அப்படியன்று. வாக்குக் கொடுத்தவர்கள் குழந்தையின் அருகில் இருந்தால்தான் அது உயிர்பெறும். பதினோராம் நாள் ரயிலேறப் போகும் குழந்தைக்காக ஒரு சபையை எழுந்து நிற்கச் செய்து, “இவளை வளர்ப்போம்” என்று சொல்லவைப்பது, அன்புடையோரைக் கொண்டே உள்ளீடற்ற வாக்குறுதியைக் கொடுக்கச் செய்வதாகும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிறைவேற்ற வழியில்லாத ஒன்றைச் சொல்லும்படி நாம்தான் அவர்களை நிறுத்துகிறோம்.

இது வெறும் கோட்பாடன்று. என் வாழ்க்கையிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பதினான்கு வயதில் அப்பா மறைந்தார். நாக்பூரில், எங்கள் வாடகை வீட்டின் வாசலில் அன்று விடியும் முன்பே வந்து நின்றவர்கள் அங்கிருந்த சபையார். மராத்தி பேசும் ஒரு முதியவர் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வரை உடனிருந்தார். சத்தீஸ்கரைச் சேர்ந்த ஒரு செவிலியர் இரண்டு வாரம் எங்கள் வீட்டிலேயே உறங்கினார். நாங்கள் ஊருக்குக் குடிபெயரும் வரை, என் பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்தினார் என்பதை அம்மா இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் என்பது மட்டும் தெரியும். அவர்களில் ஒருவரும் என் ஞானஸ்நானத்தில் எனக்காக வாக்குக் கொடுத்தவரல்லர். எனக்காக வாக்குக் கொடுத்த சபை ஒன்று; அதை நிறைவேற்றிய சபை வேறொன்று. ஊர்ச் சபையாரை நான் குறைகூறவில்லை. அவர்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தார்கள். ஆனால் நாக்பூர் மக்களை ஒரு முறையேனும் எழுந்து நிற்கச் செய்து, “இவள் எங்கள் பிள்ளை” என்று சொல்லும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பின்னாளில் எண்ணியிருக்கிறேன். கடமையை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த உறவை அறிவிக்கும் வாய்ப்பை நாங்கள் கொடுக்கவில்லை.

அக்காவும் அந்த வாசலில் என்னோடு நின்றவள்தான். அவள் முடிவுக்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இப்போது மாற்றுக்கருத்துகளுக்கு வருகிறேன். குடும்பத்தில் எழுந்தவற்றுள் வலுவானவை மூன்று.

முதலாவது: தில்லியில் தமிழில் வழிபாடு நடத்தும் சபைகள் இருக்கின்றனவே, அங்கே கொடுக்கலாகாதா? இது நியாயமான நடுவழி. அக்கா குடும்பம் அதை முயன்றும் பார்த்தது. வீட்டிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி, பின்னர் ஆட்டோ பிடித்துச் செல்ல வேண்டும். சென்ற ஆண்டு முழுவதும் அவர்களால் செல்ல முடிந்தது ஆறு முறை. கைக்குழந்தையுடன் அதுவும் இயலாது. ஆண்டுக்கு ஆறு முறை காணும் சபையைவிட, நடந்து செல்லும் தொலைவில் உள்ள சபையே குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டும். வாய்ப்பும் அருகாமையும் உள்ளோர் தமிழ்ச் சபையைத் தேர்ந்தால் அதுவும் சரியே. என் அளவுகோல் மொழியன்று. வாக்கை நிறைவேற்றக்கூடிய தொலைவு.

இரண்டாவது: குழந்தைக்கு எதுவும் புரியாது, எனவே எங்கே கொடுத்தால் என்ன? புரியாத குழந்தைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் கிறித்தவத்துக்குள்ளேயே நெடுங்காலமாக உண்டு. அக்கா சேர்ந்திருக்கும் சபை வட இந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. 1970 நவம்பர் 29ஆம் நாள் ஆறு சபை மரபுகள் இணைந்து அத்திருச்சபை உருவானது, நான் பிறந்த நாக்பூரில்தான். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து அது ஒரு வகையில் வேறுபடுகிறது: அறிந்து ஏற்கும் வயதில்தான் ஞானஸ்நானம் என்னும் பாப்டிஸ்டு மரபினரும் அந்த இணைப்பில் இருந்தனர். ஆகவே குழந்தை ஞானஸ்நானம், வளர்ந்தபின் பெறும் ஞானஸ்நானம் என இரண்டையும் நிகரான வழிகளாக அத்திருச்சபை ஏற்கிறது. கடந்த ஞாயிறன்று எங்களுக்கு அடுத்த வரிசையில் இருந்த குடும்பம் தங்கள் இரு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் காத்திருக்கிறது. ஒரே கூரையின்கீழ் இரு நிலைப்பாடுகளும் அமைதியாக அமர்ந்திருந்தன.

‘ஞானஸ்நானம்’ என்னும் சொல்லே இந்த விவாதத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது. இந்தியும் தெலுங்கும் கிரேக்கச் சொல்லையே தம் ஒலிக்கேற்பத் திரித்துக்கொண்டன: பப்திஸ்மா, பாப்திஸ்மமு. மலையாளத்துச் சிரியன் கிறித்தவர்கள் சுரியானியிலிருந்து மாமோதீசா என்ற சொல்லைப் பெற்றனர். கன்னடமும் தமிழும் கருத்தைப் பெயர்த்துப் புதுச் சொல் படைத்தன: தீக்ஷாஸ்நானம், ஞானஸ்நானம். கத்தோலிக்கர் இன்று வழங்கும் திருமுழுக்கு என்பதில் முழுகுதல் இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது தண்ணீர் ஊற்றுதல். ஞானஸ்நானத்தில் ஞானம் இருக்கிறது. ஏழு மாதக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க இயலாது. அப்படியானால் அந்த அறிவு யாரிடம் இருக்க வேண்டும்? வாக்குக் கொடுக்கும் பெரியவர்களிடம். குழந்தைக்குப் புரியாது என்பதாலேயே, பெரியவர்களின் சொல்லுக்கு எடை கூடுகிறது, இடமும் முக்கியமாகிறது. மேலும், இச்சடங்கு ஒருமுறைதான். பல்வேறு திருச்சபைகளின் இறையியலாளர் சேர்ந்து 1982இல் லீமா நகரில் இறுதிசெய்த ஆவணமும் ஞானஸ்நானம் மீண்டும் செய்யப்படாதது என்றே கூறுகிறது. ஒரே முறை கிடைக்கும் வாய்ப்பை எந்த மக்கள் முன் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, ஆச்சியின் கேள்வி: இவள் யார் பிள்ளை என்று அங்கே யாருக்குத் தெரியும்? இதுவே எனக்கு மிகக் கடினமானது. இக்கேள்விக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று பாசம். ஊர்க் கோயிலில் குழந்தையின் மூக்கைப் பார்த்தே “இது இன்னாரின் பேத்தி” என்று சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். அந்த அறிதலின் இதத்தை எந்த நகரமும் தராது. மற்றொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் “யாரு பிள்ள” என்ற கேள்விக்குள் சாதியும் அமர்ந்திருக்கிறது. கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல், ஞானஸ்நானம் பெற்றோரிடையே இனப் பிரிவும் அடிமை–சுயாதீனர் பிரிவும் இல்லை என்று எழுதுகிறார். அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு, குழந்தையின் குலத்தை விசாரித்து அறியும் கோயில்களையும் நாம் அறிவோம். தில்லிச் சபையில் ஜார்க்கண்டின் உராவோன் குடும்பங்களும், பஞ்சாபியரும், உத்தரப் பிரதேசத்தினரும் இருக்கிறார்கள். அங்கே சாதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாழினி யார் பிள்ளை என்பதற்கு அவர்களிடம் முன்கூட்டிய விடை எதுவும் இல்லை. அவர்கள் அதை அன்றுதான் கற்றுக்கொண்டார்கள்.

ஊர்க் கோயில் என்பதும் ஒரு காலத்தில் புதுக் கோயிலாக இருந்ததுதான். 1778இல் பாளையங்கோட்டையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா, தஞ்சையிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஞானஸ்நானம் கொடுத்தவர் ஜெர்மானியர், பெற்றவர் வெளியூர்க்காரர். திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றின் தொடக்கப் பக்கத்திலேயே, தாம் பிறந்த ஊரைவிட்டு வந்த இருவர் நிற்கிறார்கள். அன்று அவர்களைப் பார்த்து “யார் பிள்ளை” என்று கேட்டிருந்தால், பாளையங்கோட்டையில் யாருக்கும் விடை தெரிந்திராது.

இவ்வளவு சொன்னபின், புதிய சபைகளின் கடமை ஒன்றையும் சொல்ல வேண்டும். அத்தானுக்குத் தெரிந்த இந்தி கடைத்தெருவுக்குப் போதும். வாக்குறுதி கொடுக்கப் போதாது. பொருள் முழுதும் விளங்காத மொழியில் தலையசைத்துக் கொடுக்கும் வாக்கும் ஆஸ்டின் சொன்ன உள்ளீடற்ற வாக்காகவே முடியும். ஆகவே குருவானவரைச் சந்தித்து ஒரு வேண்டுகோள் வைத்தோம்: பெற்றோரிடம் கேட்கும் கேள்விகளைத் தமிழிலும் கேட்க வேண்டும், அவர்கள் தமிழில் விடை சொல்ல வேண்டும். அவர் சற்று யோசித்து, “சபையாருக்குப் புரிய வேண்டுமே” என்றார். அதுவும் நியாயமே, சாட்சிகளுக்கு விளங்காத வாக்கும் குறையுடையதுதான். இறுதியில் ஓர் ஒழுங்கு கண்டோம். குருவானவர் இந்தியில் கேட்டார். ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த வழிபாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நான் அதையே தமிழில் கேட்டேன். அத்தான் தமிழில் விடை சொன்னார். அக்கா அதை இந்தியில் சபையாருக்குச் சொன்னாள். பின்னர் சபையார் எழுந்து தங்கள் வாக்கைத் தங்கள் இந்தியில் கொடுத்தார்கள். கூடுதலாக ஆன நேரம் நான்கு நிமிடம். யார் வாக்குக் கொடுக்கிறாரோ அவருடைய மொழியில் வாக்கு. யார் சாட்சியோ அவருடைய மொழியில் விளக்கம். குடிபெயர்ந்தோர் நிறைந்த எந்த நகரத்துச் சபையும் இந்த நான்கு நிமிடத்தைக் கொடுக்க முடியும். கேட்டுப் பெறும் துணிவு நமக்கும் வேண்டும்.

வழிபாடு முடிந்தபின் ஒரு பஞ்சாபி மூதாட்டி வந்து குழந்தையின் பெயரை மீண்டும் கேட்டார். ‘ழ’ அவர் நாவில் வரவில்லை. மூன்று முறை முயன்று, “யாலினி” என்று முடிவு செய்துகொண்டார். தமிழ் ஆர்வலரான என் நண்பர் இதைக் கேட்டு வருந்தினார். எனக்கு வருத்தமில்லை. பெயர்கள் பொருளைச் சுட்டுவது எவ்வாறு என்பதைப் பற்றி 1970இல் பிரின்ஸ்டனில் சால் கிரிப்கி உரையாற்றியபோது, ஒரு பெயர் முதன்முதலில் சூட்டப்படும் தருணத்தை ஞானஸ்நானம் என்ற சொல்லாலேயே குறித்தார். அத்தருணத்தில் தொடங்கி, ஒருவரிடமிருந்து ஒருவராகப் பெயரைப் பெற்று வழங்குவோரின் சங்கிலிதான் அப்பெயரை அதற்குரியவரோடு பிணைத்து வைக்கிறது என்பது அவர் வாதம். ஒலி திரியலாம், சங்கிலி அறுபடக் கூடாது. அந்த மூதாட்டி இனி ஒவ்வொரு ஞாயிறும் அவளை அழைக்கப் போகிறவர். ழகரத்தைச் சரியாக உச்சரிப்பது எப்படி என்பதை வீட்டில் நாங்கள் கற்றுக்கொடுத்துக்கொள்வோம்.

இழப்பு ஏதுமில்லை என்று நான் வாதிடவில்லை. ஊர்க் கோயிலின் பதிவேட்டில் நான்கு தலைமுறையாக வந்த வரிசை என் பெயரோடு நின்றுவிட்டது. ஆச்சி அன்று கைபேசியில் முழு வழிபாட்டையும் பார்த்தார். அவருக்கு விளங்கியவை குழந்தையின் பெயரும், அத்தானின் விடைகளும், ஆமென் என்ற சொல்லும் மட்டுமே. முடிந்ததும், “ஐயர் நல்லாத்தான் பேசுனாரு போல, எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்றார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பதே வழக்கம். என் வாதங்களை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. “மே மாசம் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நம்ம கோயில்ல ஒரு ஸ்தோத்திரம் வைக்கணும். நான் இருக்கும்போதே பாத்துக்கிடுதேன்” என்று மட்டும் சொன்னார்.

பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அவ்வளவே: நன்றி செலுத்த ஊருக்குச் செல்லுங்கள், வாக்குறுதியைக் குழந்தை வளரப்போகும் இடத்தில் கேளுங்கள். மாற்றுக்கருத்துடையோர் எழுதலாம், குறிப்பாக, ஊரில் ஞானஸ்நானம் பெற்று வெளியே வளர்ந்தோர் தங்கள் அனுபவம் வேறாக இருந்தால் அவசியம் எழுத வேண்டுகிறேன்.